தோள்மேல் நாலு விரல்

கிழவர் கிஜிமா சானின் இடது தோளில் நாலு விரல்கள் இருந்தன. மழைக்காலப் பிற்பகல், ஜன்னலை அடைத்த இருட்டறை, சிவப்பு விளக்கு, மூக்கைப் பிடுங்கும் புளித்த வாடை. படம் கழுவும் மருந்துத் தட்டில் கிடந்த தாளில் முதலில் கிழவரின் புருவம் வந்தது, பிறகு சிரிப்பு, பிறகு கறுப்புக் கோட்டு, அதற்கும் பிறகு, யாரும் கூப்பிடாமலே, பின்னாலிருந்து தோளைப் பற்றிய அந்த வெளிறிய விரல்கள். அவர் தனியாகத்தான் வந்திருந்தார். தன் சாவன்று பூக்களுக்கு நடுவே வைக்க வேண்டிய படத்தைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று, ஊர்க் கிழவர்கள் எல்லோரையும் போல, முடிவெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எடுத்த பிலிமையே மறுபடி மாட்டிவிட்டோமோ என்றுதான் ஸ்டுடியோக்காரி தொமோயே முதலில் நினைத்தாள். படம் எடுக்கும் தொழிலில் அப்படி ஒரு சனியன் உண்டு. ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகம் ஏறிவிடும். மற்ற பிலிம்களை எல்லாம் விளக்கில் பிடித்துப் பார்த்தாள். அந்தக் கை எதிலும் இல்லை. தூரிகையால் மை தொட்டு விரல்களை மறைத்துக் கொடுத்தாள். அந்த வாரமே கிழவர் போய்ச் சேர்ந்தார்.

விரல்கள் விழுந்த செய்தி கேட்டு ஒசாகாவிலிருந்து வந்த தொமோயேவின் மகள் ரியோகோ கையோடு ஒரு டிஜிட்டல் கேமராவையும் கொண்டு வந்தாள்.

"இதுல எடும்மா. தப்பா வந்தா அழிச்சிடலாம்."

"அழிக்கிறதுக்கா படம் எடுக்கிறது?"

"உன் பொட்டியில பேய் வருது, என் பொட்டியில வரல. எது நல்ல பொட்டி, நீயே சொல்லு."

"வாய் மட்டும் நல்லா வளர்ந்திருக்கு. போய் நாற்காலியில உட்காரு. ரெண்டுலயும் எடுத்துக் காட்டறேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் தொமோயே. செர்ரி மரமும் பித்தளையுமாக இழைத்துச் செய்த அந்தப் பெரிய கேமரா பொய் சொல்லாது என்பது அவளுக்குச் சாமி வாக்கு.

டிஜிட்டல் திரையில் ரியோகோ மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். இருட்டறையில், தாளில், அவள் தோள்மேல் நாலு விரல்கள். கட்டைவிரல் கழுத்தில் பதிந்திருந்தது.

தொமோயேவுக்கு வந்தது பயம்தான், அதற்கு வேறு பெயர் வேண்டாம். பிலிம் பொய் சொல்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிவிடலாம். அவள் சொல்லவில்லை.

"என்னம்மா, இருக்கா?" கதவுக்கு வெளியே ரியோகோ.

"இருக்கு."

"இதுல ஒண்ணுமே தெரியலயே!"

"தெரியலன்னா இல்லன்னு அர்த்தமாடி? உன் பொட்டிக்குக் கண்ணு அவ்வளவுதான். பையை எடு. அடுத்த ரயிலைப் பிடி."

"அம்மா, நீ என்ன..."

"போடீன்னா!"

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மழை மட்டும். தொமோயே கேமராவில் புதுப் பிலிம் மாட்டினாள், தூரத்திலிருந்து அமுக்கும் ரப்பர் குமிழைக் கையில் எடுத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் திரைத்துணி அசைந்தது. காற்றில்லை.

"அவளை விடு," என்றாள். "இந்தா, என் தோள் இருக்கு. உனக்குத் தைரியம் இருந்தா வை."

குமிழை அமுக்கினாள்.

மறுபடி இருட்டறை. தாளைத் தட்டில் போட்டு விளிம்பைப் பிடித்து ஆட்டினாள். மருந்து அலம்பியது. முகம் வந்தது. நாற்காலி வந்தது. திரை வந்தது.

தோள் காலி.

அப்படியானால் அது மகளோடு போய்விட்டதா? ரயிலிலா? தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

தட்டு நிற்கவில்லை.

மெதுவாக. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். அவள் ஆட்டிய அதே வேகம்.

ரயிலில் இல்லை. இங்கே. தட்டின் எதிர் விளிம்பில்.

"வந்துட்டியா?" என்று கேட்டாள். "நல்லதாப் போச்சு. இங்கேயே கிட."

கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

தட்டு ஆடியது. மருந்தில் ஊறிய தாளில் அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.