கை காட்டினால் ஜீப் நிற்குமா?

அந்தப் புதுத் தெருவில் மிளகுவுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு நீளமான பெயர் இருந்தது. மிளகு என்பது அம்மா வைத்தது. ஆள் இத்தனூண்டு, காரம் மட்டும் ஊருக்கே போதும் என்பாள் அம்மா. ஆனால் காரத்தைக் காட்டுவதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டுமே! இங்கே குடிவந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. மிளகுவோடு சண்டை போடக்கூட ஒருவரும் கிடைக்கவில்லை.

அம்மாவுக்குத் துணி ஆலையில் பெட்டி கட்டும் வேலை. ஏழு மணிக்குத்தான் வருவாள். வீட்டில் இருந்த ஒரே போனும் அவளோடு போய்விடும். மிளகு நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, பூட்டைத் திறந்து, "நான் வந்துட்டேன்!" என்பாள். "வா" என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அப்படியும் தினமும் சொல்லுவாள்.

மஞ்சள் சுண்ணாம்பு அடித்த மூன்று மாடிக் கட்டடம் அது. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் எல்லாக் கதவிலும் பூட்டு தொங்கும். எதிரே பழைய கிடங்கு ஒன்றின் நீளமான மதில். ஒரு மதிலை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் மட்டும் பகலில் ஓர் ஆள் உண்டு. ராத்திரி பஸ் ஓட்டும் டிரைவர். பகலெல்லாம் தூங்குவார். மிளகு ஒருமுறை பந்தைத் தரையில் தட்டிவிட்டால் போதும், அவர் குளியலறைக் குழாயை 'டங் டங்' என்று தட்டுவார். அந்தச் சத்தம் குழாய் வழியே மேலே ஏறி வந்து மிளகுவை அதட்டும். அவருக்குக் குழாய் மாமா என்று பெயர் வைத்திருந்தாள் மிளகு. படிக்கட்டில் நேருக்கு நேர் வந்துவிட்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள்.

சரி, அந்தத் தெரிந்த ஒருவர் யார்? ஜீப் அக்கா!

தினமும் நாலேகாலுக்கு ரோந்துப் போலீஸ் ஜீப் தெருவுக்குள் வரும். ஓட்டுவது ஒரு போலீஸ் அக்கா. பக்கத்து இருக்கையில் வயதான போலீஸ்காரர் ஒருவர் தலையைத் தொங்கப் போட்டபடி இருப்பார். அவருக்கும் மிளகு பெயர் வைத்துவிட்டாள், தூங்குமூஞ்சிப் போலீஸ்.

குடிவந்த மறுநாள் மிளகு பால்கனியிலிருந்து சும்மா கையை ஆட்டினாள். ஜீப் அக்கா சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டாட்டா காட்டினார். அன்றிலிருந்து ஒருநாள்கூடத் தவறவில்லை. சாயங்காலத்தில் அவளைப் பார்த்துச் சிரிக்கிற முகம் அது ஒன்றுதான். அதற்காகவே அவள் பள்ளியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவாள்.

ஜீப் பிறகு கடைவீதிக்குப் போய்விட்டு, நாலேமுக்காலுக்குப் பின்தெரு வழியாகத் திரும்பும். அங்கே மருந்துக் கடைச் சுவரில் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு நோட்டு. ரோந்து வந்ததற்கு அடையாளமாகப் போலீஸ்காரர்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள். தூங்குமூஞ்சிப் போலீஸ் ஜீப்பிலிருந்து இறங்குவது அதற்கு மட்டும்தான். மிளகு சமையலறை ஜன்னலிலிருந்து இதையும் பார்ப்பாள். வேறு என்ன வேலை அவளுக்கு?

அன்று அவள் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, அதற்குள் குழாய் தட்டும் சத்தம் கேட்டது.

டங்... டங்...

"நான் இன்னும் பந்தையே தொடலையே!" என்றாள் மிளகு.

டங்... டங்... டங்...

மிளகுவுக்குக் காரம் ஏறிவிட்டது. செய்த தப்புக்குத் திட்டு வாங்கலாம், செய்யாததற்கு எப்படி வாங்குவது? தடதடவென்று படியிறங்கினாள். குழாய் மாமாவின் குளியலறைக்குப் படிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் காற்று ஜன்னல் இருந்தது. அதைப் பார்த்துக் கத்தினாள்.

"மாமா! நான் பந்து தட்டலை! சும்மா சும்மா அதட்டாதீங்க!"

தட்டும் சத்தம் நின்றது.

"பாப்பா... போயிடாதே. நான் விழுந்துட்டேன்."

மிளகு நாலு படி மேலே ஏறி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். குழாய் மாமா ஈரத் தரையில் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. நெற்றியில் ரத்தம். கையில் ஒரு குவளை, அதைக் கொண்டுதான் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ! எப்ப விழுந்தீங்க மாமா?"

"ஒரு மணி இருக்கும். அப்பலேர்ந்து தட்டறேன். இந்தக் கட்டடத்துல ஒரு ஈ, காக்கா இல்லையே பாப்பா."

அது மிளகுவுக்கு நன்றாகவே தெரியும்.

"கதவு உள்தாழ் போட்டிருக்கு. போன் கட்டில் மேல கெடக்கு. கண்ணு இருட்டிட்டு வருது..." அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"தூங்காதீங்க மாமா! நான் யாரையாவது கூட்டிட்டு வரேன்!"

மிளகு எல்லாக் கதவுகளையும் தட்டினாள். பூட்டுகள்தான் ஆடின. தெருவுக்கு ஓடினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆள் இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஜீப்!

அப்பாடா என்றிருந்தது மிளகுவுக்கு. தெரு ஓரத்தில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். குதித்தாள். "அக்கா! நில்லுங்க! அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஜீப் அக்கா அவளைப் பார்த்தார். பல் தெரியச் சிரித்தார். 'பீம் பீம்' என்று இரண்டு முறை ஹாரன் அடித்து, வழக்கத்தைவிடப் பெரிதாக டாட்டா காட்டினார். ஜீப் போய்விட்டது.

மிளகு அப்படியே நின்றாள். இருந்த ஒருவரும் பார்த்துவிட்டுப் போய்விட்டாரே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் அழவும் செய்தாள்.

பிறகு யோசித்தாள். இரண்டு மாதமாகத் தினமும் கையை ஆட்டினோம். இன்றைக்கும் அதே கையை ஆட்டினோம். இது வேறு கையாட்டல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஜீப் உறுமுகிற உறுமலில் நம் கத்தல் எங்கே கேட்கும்?

நாலேமுக்காலுக்கு ஜீப் பின்தெருவுக்கு வரும். பெட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டால் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. 'போயிடாதே' என்று சொன்னவரை அதுவரை தனியாக விடுவதா? தனியாக இருப்பது எப்படியிருக்கும் என்று மிளகுவிடம் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்லுவாள்.

அவள் பின்தெருவுக்கு ஓடினாள். மருந்துக் கடை ஐந்து மணிக்குத்தான் திறக்கும். பெட்டியின் மேல் 'காவல்துறைக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. மிளகு பெட்டியைத் திறந்தாள்.

நோட்டில் தேதி, நேரம், பெயர், குறிப்பு என்று கட்டம் கட்டமாக இருந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்தான். நலம். நலம். நலம். நலம்.

நூலில் கட்டியிருந்த பேனாவை எடுத்தாள். பெயர் என்ற இடத்தில் 'மிளகு' என்று போட்டாள். குறிப்பில் எழுதினாள்: 'நலம் இல்லை. மஞ்சள் கட்டடம், இரண்டாம் மாடி. டிரைவர் மாமா குளியலறையில் விழுந்து கிடக்கிறார். நெற்றியில் ரத்தம். கதவு உள்தாழ். நான் டாட்டா காட்டவில்லை. கூப்பிட்டேன்.'

கட்டம் போதவில்லை. பக்கத்துக் கட்டங்களிலும் எழுதினாள். தூங்குமூஞ்சிப் போலீஸ் கண்ணை மூடிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் எல்லா எழுத்தின் மேலும் இன்னொரு முறை அழுத்தி எழுதிவிட்டுத் திரும்ப ஓடினாள்.

"மாமா! வந்துட்டேன்!"

பதில் இல்லை.

"குழாய் மாமா!"

"என்னது? என்ன மாமா?" உள்ளேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

மிளகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மாமா. போலீஸ் வராங்க. நீங்க தூங்கக் கூடாது. ராத்திரி பஸ் ஓட்டறப்ப தூக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பாட்டுப் பாடுவேன்."

"அப்ப பாடுங்க."

"வேணாம் பாப்பா. நான் பாடினா பயணிங்கல்லாம் அடுத்த நிறுத்தத்துலயே இறங்கிடறாங்க."

"நான் இறங்க மாட்டேன். இங்கதான் இருப்பேன்."

அவர் பாடினார். சொன்னது பொய்யில்லை. ஆனால் மிளகு காதைப் பொத்தவில்லை. அவர் குரல் தேயும்போதெல்லாம், "அடுத்த வரி என்ன மாமா?" என்று கேட்டாள். அவர் மறந்துபோன வரிக்கு அவளே ஏதோ ஒன்றைப் போட்டுப் பாடினாள். வருவார்களா, படித்திருப்பார்களா என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில் சைரன் சத்தம் கேட்டது. படிக்கட்டில் முதலில் ஏறி வந்தவர் தூங்குமூஞ்சிப் போலீஸ்! அவருடைய கண்கள் இவ்வளவு பெரியவை என்று மிளகுவுக்கு அன்றுதான் தெரிந்தது. பின்னாலேயே ஜீப் அக்கா. இருவரும் சேர்ந்து தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார்கள். சற்று நேரத்தில் ஆம்புலன்சும் வந்தது.

"நல்லவேளை, மயங்காம பேச வெச்சுட்டே இருந்திருக்கே பாப்பா" என்றார் ஆம்புலன்ஸில் வந்த செவிலியர்.

"பாட வெச்சேன்" என்றாள் மிளகு.

ஆம்புலன்ஸ் போனபின் ஜீப் அக்கா படிக்கட்டில் மிளகுவின் அருகே உட்கார்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"நீ குதிச்சதைப் பார்த்தேன். இன்னிக்குப் பாப்பா ரொம்ப சந்தோஷமா இருக்கான்னு நெனச்சுட்டேன். நிறுத்தியிருக்கணும். தப்பு என்மேலதான்."

"கை காட்டறவங்களுக்கெல்லாம் நிறுத்தினா ஜீப் இந்தத் தெருவையே தாண்டாதும்மா" என்றார் அருகில் நின்ற பெரியவர், அதாவது தூங்குமூஞ்சிப் போலீஸ். "ஒருத்தர் வழி கேப்பார், ஒருத்தர் கூட நின்னு போட்டோ எடுக்கணும்பார். நம்மளை அவசரமாக் கூப்பிட்டவங்க காத்துட்டு இருப்பாங்க."

"இன்னிக்கு நமக்கு என்ன அவசரம் இருந்துச்சு? நிறுத்திக் கேட்டா அரை நிமிஷம் ஆகியிருக்கும்."

பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இனிமே நான் டாட்டா காட்டலை" என்றாள் மிளகு. "சும்மாவும் கையை ஆட்டினா, நெஜமா கூப்பிடறது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வேற யாராவது விழுந்து கெடந்தா?"

சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் நெஞ்சில் என்னவோ காலியாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஏழு மணிக்கு அம்மா வந்தாள். கதை முழுவதையும் கேட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பயந்துட்டியாடி?"

"அப்ப பயமில்லைம்மா. பேச ஆள் இருந்தாரே. தினமும்தான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீ வர்ற வரைக்கும் எனக்கு யாருமே இல்லைம்மா."

அம்மா வெகுநேரம் அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். வேலையை விட முடியாது என்று இருவருக்குமே தெரியும்.

மறுநாள் நாலேகாலுக்கு மிளகு பால்கனியில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். ஜீப் வந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். மிளகு கைகளை இறுக்கிக்கொண்டாள். ஜீப் போய்விட்டது.

அதற்கு மறுநாளும் அப்படியே. கீழ் வீட்டிலும் ஆள் இல்லை. குழாய் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வர இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். கட்டடம் முன்னைவிட அமைதியாக இருந்தது. மிளகு மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. மிளகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஜீப் மெதுவாகி, மஞ்சள் கட்டடத்தின் வாசலில் நின்றுவிட்டது.

யாருக்கு என்ன ஆயிற்றோ! மிளகு மூச்சிரைக்க மூன்று மாடியும் இறங்கி ஓடினாள். ஜீப் அக்கா வாசற்படியருகே வந்துவிட்டிருந்தார். பின்னால் பெரியவர், தேநீர் இருந்த ஃப்ளாஸ்க்கும் மூன்று தம்ளர்களுமாக.

"என்னக்கா? ஏன் நிறுத்தினீங்க? நான் கையே காட்டலையே!"

"அதான் நிறுத்தினேன்" என்றார் ஜீப் அக்கா. "எங்களுக்குத் தினமும் பத்து நிமிஷம் தேநீர் இடைவேளை உண்டு. எங்க குடிச்சா என்னன்னு இவர்தான் சொன்னார். உங்க படியில உக்காரலாமா?"

மிளகு சட்டென்று படியில் உட்கார்ந்து, ஓரமாக நகர்ந்து அவர்கள் இருவருக்கும் இடம் விட்டாள்.