பதினோரு முறை

நடுப்பகலில் குவாகு தன் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து சேர்ந்தபோது கையில் சோளமாவுக் கென்கே உருண்டையும் பொரித்த மீனும் இருந்தன. பெண்டாட்டி செத்து ஆறு நாள்தான். பசிக்கு அது தெரியுமா?

குமாசி நகரத்தின் துக்க அறிவிப்புகளைப் போடும் இணையதளம் அவனுடையது. மறுநாள் மனைவி சேர்வாவுக்கு ஏழாம் நாள் கூடுகை. இலண்டன் உறவுக்கெல்லாம் செய்தி போக வேண்டும் என்று அவளுடைய தாய்மாமன் ஒபிரி சொல்லியிருந்தார். அதனால் அவள் படத்துக்குக் கீழே பகிர்வு இணைப்புகளைச் சேர்த்தான்.

‘சிறிது கால நோய்க்குப் பின்’ என்று எழுதியிருந்தான். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சாகிறார்கள், லாரி மோதினாலும்.

மூச்சிழுப்பு வந்து, மருந்து வாங்கி வரச் சொல்லி அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததை எழுதவில்லை. அப்போது அவன் தன் தொடுப்பு அகோசுவா வீட்டில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தான். நாங்கள் ஒட்டுக் கேட்கவில்லை. அந்த வீட்டுச் சுவர்தான் மெல்லியது. அவள் செத்த மறுநாளே சேர்வாவின் சிம்மை ஒடித்துச் சாக்கடையில் போட்டான். குடியிருந்த வீடு அவளுடைய தாய்வழிச் சொத்து. மாமனுக்குத் தெரிந்தால் தெருதான் கதி.

சோதித்துப் பார்க்கக் குடும்பக் குழுவுக்குப் பகிர்ந்தான். படம் போனது. அடியில் ஒரு வரி.

‘பதினோரு முறை கூப்பிட்டேன்.’

பக்கத்தைத் திறந்தான். அங்கே சிறிது கால நோய்தான். மறுபடி பகிர்ந்தான்.

‘நீ எடுக்கவில்லை.’

ஒபிரியின் அழைப்பு வந்தது.

“மாப்ள, யாரு எடுக்கல?”

“கோளாறு மாமா. சரி பண்ணிடறேன்.”

“பண்ணு. நானே கடைக்கு வரேன். அன்னிக்கு உனக்கு வந்த போன் காலெல்லாம் காட்டு.”

இணைப்புகளைப் பிடுங்கினான். பக்கத்தையே அழித்தான். பகிர்வு எண்ணிக்கை மட்டும் வெள்ளைத் திரையில் நின்றது.

பதினொன்று.

போன் அடித்தது. சேர்வா.

அவன் எடுக்கவில்லை. பழக்கதோஷம்.

அதுவே எடுத்துக்கொண்டது.

ஓட்டைக் குழலில் காற்றுப் போவது போல ஒரு மூச்சு. இழுத்தது. நின்றது. பிறகு அந்த ஓசை அவன் நெஞ்சிலிருந்து வந்தது.

ஒபிரி வந்தபோது குவாகு தரையில் கிடந்தான். பிறந்ததிலிருந்து ஒரு இருமல் கூட இல்லாதவன். அவன் போனைப் பார்த்தார். மாமனைத்தான் கூப்பிட்டிருந்தான், பதினோரு முறை.

அவர் போன் ஒருதரமும் அடிக்கவில்லை.

கடையைப் பூட்டினார்கள். அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரு பகிர்வு வந்தது. குவாகுவின் படம், ‘சிறிது கால நோய்க்குப் பின்’.

அனுப்பிய எண் சேர்வாவுடையது.