சாண் உயர வேட்டைக்காரர்கள்

இத்தால் சகல பொதுமக்களுக்கும் அறியத்தருவது யாதெனில், கிழக்கிலங்கையின் முதலாவதும் அநேகமாகக் கடைசியுமான கூலி வேட்டைக்காரர் பொம்மைத் தொகுப்பு பூரணமடைந்துவிட்டது. பன்னிரண்டு வேட்டைக்காரர்களும் எதிர்வரும் பத்தொன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை, ஜும்ஆவின் பின்னர், தேசகீர்த்தி சாமஸ்ரீ எம். ஜவுபர் அவர்களின் இல்லத்தில் பார்வைக்கு வைக்கப்படுவார்கள். சிறுவர்கள் தொடக் கூடாது. பெரியவர்களும் தொடக் கூடாது.

இந்த அறிவித்தலை எழுதியவர், தட்டச்சு செய்தவர், பசை காய்ச்சி மருதமுனைச் சந்தியில் மூன்று சுவர்களில் ஒட்டியவர் எல்லாம் தேசகீர்த்தி சாமஸ்ரீ எம். ஜவுபர் அவர்களே. பட்டங்கள் இரண்டும் கொழும்பு மண்டபமொன்றில் ஒரே பின்னேரத்தில் நூற்றுப் பதினாலு பேருக்குக் கொடுத்தவை. பிரதேச செயலகத்தில் அவர் எழுதுவினைஞர். அங்கே அவரைப் பட்டம் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள், அவருக்கு வரும் தொலைபேசி அழைப்பைத் தானே எடுத்துப் பேசும் அவர்தான்.

கண்காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்க, அறிவித்தல் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு வந்தபோதுதான் அந்த ஈரத்தைக் கண்டார். கண்ணாடி அலுமாரிக்குள், மேல்தட்டில், முதலாவது வேட்டைக்காரனின் காலடியில் ஒரு தேநீர்ச் சாசர் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. ஆனி மாதம். வயல் பக்கமிருந்து கச்சான் காற்று அடுப்பின் வாயைத் திறந்துவிட்டாற்போல வீசி, கொடியில் போட்ட சாரனை எடுக்கப் போவதற்குள் பப்படமாக்கிவிடும் காலம். சுனாமிக்குப் பிறகு கடலை விட்டுத் தள்ளி, வயலோரமாகக் கட்டிக் கொடுத்த புது வீட்டின் கூரையில் ஓர் ஒழுக்கும் இல்லை. ஜவுபர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, நாக்கில் வைத்தார்.

உப்பு.

அலுமாரியை யார் திறந்தது என்று குசினி வாசலில் நின்று விசாரணை நடத்தினார். முனவ்வறா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"துறப்பு உங்கட இடுப்பில தொங்குது. விசாரணைய அங்கரிந்து தொடங்குங்க."

முனவ்வறாவுக்கு அந்தப் பொம்மைகள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே பிடிக்காது. உருவம் இருக்கிற வீட்டுக்குள் வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்று அவள் சொன்னதற்கு, ஜவுபர் ஒரு பத்வாவே கொடுத்திருந்தார். பன்னிரண்டு பேரும் தலைக்கவசம் போட்டவர்கள், கவசத்துக்குள் முகம் கிடையாது, முகம் இல்லாதது உருவம் ஆகாது. முனவ்வறா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வைக்குப் பதில் கிதாபுகளில் இல்லை.

பொம்மைகள் ஒரு கணினி விளையாட்டிலிருந்து பிறந்தவை. கந்தோர் விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜவுபர் அதைத்தான் விளையாடுவார், வெளியே அதற்குப் பெயர் ஆய்வு. தலைக்கு விலை வைத்தவர்களை எந்தக் கிரகத்தில் ஒளிந்தாலும் தேடிப் பிடித்து, உயிரோடோ உயிரில்லாமலோ கொண்டுவந்து ஒப்படைக்கும் கூலிக்காரர்கள். ஏன் என்று கேட்பதில்லை. ஒப்படைத்ததும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள், வேலை முடிந்தது என்று அர்த்தம். முனவ்வறாவின் தம்பி பளீல் டோகாவிலிருந்து பால்மாப் பைக்கட்டுகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக அனுப்பிய பழைய தொகுப்பு அது. ஒவ்வொரு பொம்மையின் பீடத்திலும் முத்திரை அளவுக்கு ஒரு கண்ணாடி யன்னல் இருந்தது. தேடப்படுபவரின் படம் அதற்குள் இருக்க வேண்டும். பழைய சாமான் என்பதால் பன்னிரண்டில் ஒரு படம்கூட இல்லை.

படம் இல்லாத தொகுப்பு மூளித் தொகுப்பு. ஜவுபரால் அதைத் தாங்க முடியவில்லை.

கந்தோரில் அவருடைய மேசையின் அடி லாச்சியில் படங்கள் இருந்தன. சுனாமியில் காணாமல் போனவர்களைப் பதிய வந்தோரிடம் இரண்டு புகைப்படம் போதுமென்று சுற்றுநிருபம் சொல்லியிருக்க, தன் பதவிக்கு ஒரு கனம் இருக்கட்டுமென்று ஜவுபர் மூன்று கேட்டிருந்தார். மூன்றாவது பிரதிகள் நாலரை வருடமாகச் சின்ன உறைகளில் கிடந்தன. ஒரு மத்தியானம் கைக்கு வந்த பன்னிரண்டை எடுத்து, முத்திரை அளவுக்கு வெட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. சேகரிப்பவன் அளவைத்தான் பார்ப்பான். யன்னலுக்குள் தள்ளியதும் ஒவ்வொன்றும் டிக் என்று பூட்டிக்கொண்டது. திரும்பக் கழற்ற வழியில்லை.

முகமில்லாத பன்னிரண்டு பேருக்கும் முகம் கொடுத்துவிட்டோம் என்பது தேசகீர்த்திக்கு உறைக்கவேயில்லை.

திங்கட்கிழமை துடைத்த இடம் காய்ந்திருந்தது. முதலாவது வேட்டைக்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். இப்போது இரண்டாமவனின் காலடியில் தண்ணீர். செவ்வாய் மூன்றாமவன். இப்படியே நாளுக்கு ஒருவன். ஜவுபர் அவர்களை நேராகத் திருப்பி வைத்தார், மறுநாள் பார்த்தால் முதுகு. கால்களைப் பசை போட்டு ஒட்டினார். பசையோடு திரும்பியிருந்தார்கள். அலுமாரியைத் திறக்கும்போது ஒரு வாடை வந்தது, மீன் வாடை அல்ல, கடற்கரையில் ஒதுங்கி வெயிலில் கிடந்த பாசியும் துணியும் சேர்ந்த வாடை. அந்த வாடையை அவருடைய மூக்கு அறியும். அந்த மார்கழிக்குப் பிறகு இந்தக் கரையில் அதை அறியாத மூக்கு இல்லை.

பளீலுக்குத் தொலைபேசி எடுத்தார். இது உற்பத்திக் குறைபாடா, வேறு யாரும் முறைப்பாடு செய்திருக்கிறார்களா என்று உத்தியோகபூர்வமாகக் கேட்டார். மச்சான் கொஞ்சம் தூங்குங்க என்றான் பளீல். பிறகு லைன் அறுந்தது. மூன்று தரம் எடுத்தார், மூன்று தரமும் அறுந்தது. கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு வேட்டைக்காரர்களின் முதுகைக் காட்டுவதா என்பதுதான் அப்போதும் அவருடைய பெரிய கவலை.

மஃரிபுக்குச் சற்று முந்திய வெளிச்சத்தில், பின்வேலிக்கு அப்பால் வயல் வரம்பில் ஆட்கள் நிற்பதை அவர் அந்தக் கிழமைதான் கவனித்தார். முதலில் மூன்று பேர். அடுத்த நாள் நாலு. வேளாண்மைக்குக் காவல் நிற்கிறவர்கள் என்று நினைத்தார். ஆறு பேரானபோது, அறிவித்தலைப் பார்த்து நாளுக்கு முந்தியே வந்துவிட்ட பொதுமக்கள் என்ற முடிவுக்கு வந்து, பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். யாரும் அசைக்கவில்லை. காற்று வீச்சில் கதிரெல்லாம் சாய்ந்தது. அவர்களுடைய உடுப்பு மட்டும் உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள், வியாழக்கிழமை காலை பதினொரு வேட்டைக்காரர்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். அன்று கந்தோருக்குப் பாலம்மா வந்தாள். சுனாமியில் போன மீன்பிடிகாரன் கதிர்காமனின் பெண்சாதி. கையில் பொலித்தீன் உறைக்குள் மடித்த மரணச் சான்றிதழ். அதை மேசையில் வைத்து, ஜவுபர் பக்கமாகத் தள்ளினாள்.

"இதைத் திருப்பி எடுப்பியளா, ஐயா?"

சான்றிதழைத் திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லை என்று ஜவுபர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். அவள் முடிய விடவில்லை. முந்தாநாள் பின்னேரம் மனுசன் படலையைத் தாண்டிப் போனதாகச் சொன்னாள். நனைஞ்சு போய், அண்டைக்கு உடுத்த அதே சாரத்தோட. கூப்பிட்டும் திரும்பவில்லை. பின்னால் போயிருக்கிறாள். வீதியைக் கடந்து, வயல் பக்கம், ஐயாவின் வீட்டு வேலி மட்டும்.

"தனிய இல்ல, ஐயா. முன்னால ஒண்டு போச்சுது. ஒரு சாண் உசரம் வரும். தலையில சட்டிபோல ஒண்டு. அவர்ர சுண்டு விரலைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போச்சுது."

அவள் அழவில்லை. சான்றிதழை அங்கேயே வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

ஜவுபர் லாச்சியை இழுத்தார். வெறும் உறைகள். பன்னிரண்டு. ஒவ்வொன்றின் மேலும் அவருடைய வடிவான கையெழுத்தில் பெயர். நாலாவதில் ஒரு மௌலவி. பத்தாவதில் கதிர்காமன். பன்னிரண்டாவது உறையை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

ஜவுபர் ஸம்றா. பெண். வயது நான்கு.

அவருடைய மகள். தண்ணீர் வந்த இரண்டாம் நாள் தன் கையாலேயே எழுதிய உறை. மூன்றாம் நாள், கரையை விட்டு வெகுதூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி விறாந்தையில், தலையில் கட்டும் வீங்கிய முகமுமாகக் கிடந்த பிள்ளையை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். முனவ்வறா கன நேரம் பார்த்துவிட்டு, ஓம் என்றாள். பிள்ளை ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தது. இப்போது எட்டு வயது, வகுப்பில் இரண்டாம் பிள்ளை. பதிவை ரத்துச் செய்தார். உறையை எடுக்க மறந்துபோனார்.

பதினொருவர் முடிந்தது. மிச்சம் ஒன்று. அதுவும் இன்றைக்கு.

லீவுப் படிவம் நிரப்பாமல் ஜவுபர் கந்தோரை விட்டு வெளியேறியது அதுதான் முதல் தடவை. மோட்டார் சைக்கிள் பிரதான வீதிக்கு ஏறி ஐந்து நிமிடத்தில் நின்றது. யுத்தம் முடிந்து ஒரு மாதம், வெற்றி ஊர்வலம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. சமாதானம் வந்துவிட்டபடியால் ஊர்வலம், ஊர்வலம் போகிறபடியால் வேறு யாரும் போக முடியாது. முந்தி அதட்டி நிறுத்திய சோதனைச் சாவடிக்காரன் இப்போது சிரித்துக்கொண்டு நிறுத்தினான். தான் யார், தன் பட்டம் என்ன என்று ஜவுபர் இரண்டு பாஷையில் சொன்னார். அவன் இன்னும் நன்றாகச் சிரித்தான். பொரிந்த வெயிலில், பட்டாசுப் புகையில், கொடி பிடித்த லொறிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. ஒரு மணித்தியாலம். ஒன்றரை. ஜவுபர் நாலரை வருடமாகத் தன் மேசைக்கு முன்னால் காத்திருந்தவர்களுடைய முகங்களில் ஒன்றாவது ஞாபகத்துக்கு வருமா என்று பார்த்தார். வரவில்லை.

வீட்டுக்கு வரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஸம்றா கூடத்தில் பாயில் குப்புறப் படுத்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். உலர்ந்த, உயிருள்ள, பென்சில் கடிக்கிற பிள்ளை. அலுமாரியைத் திறந்தார். பன்னிரண்டாவது பீடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. வேட்டைக்காரன் இல்லை.

பீடத்தை எடுத்துக் குசினிக்கு ஓடி, அம்மிக் குழவியால் அடித்தார். குழவி தெறித்தது. பாக்குவெட்டியை விட்டு நெம்பினார். உள்ளங்கை கிழிந்தது. யன்னலில் கீறல்கூட விழவில்லை. உள்ளேயிருந்து மஞ்சள் கவுணுக்கு மேலே ஒரு சின்ன முகம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்க, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றாள் முனவ்வறா.

அவர் முன்கதவைப் பூட்டினார். பின்கதவுக்குக் கொண்டி போட்டார். யன்னல்களைச் சாத்தினார். பின்யன்னலோரம் இருந்துகொண்டு, ஸம்றாவை மடியில் இழுத்து வைத்து, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாடி துடித்தது. துடிக்கத் துடிக்க எண்ணினார்.

"வாப்பா, கை நோகுது."

விடவில்லை.

மஃரிப் பாங்கு கேட்டது. முடிந்தது. காற்று நின்றது. நாய்க் குரைப்பு நின்றது. கூட்டுக்குள் கோழி அசையவில்லை.

பிறகு ஒரு சத்தம். வயல் பக்கம்.

சளக்.

ஈரக்கால். சின்னக்கால்.

சளக். சளக்.

வேலியில் நின்றது. வேலி கிரீச்சிட்டது. முற்றம். கிணற்றடி. கடல் வாடை கதவு இடுக்கால் உள்ளே வந்தது. அவர் பிள்ளையின் கையை இன்னும் இறுக்கினார். இருக்கிறாள். இங்கேதான் இருக்கிறாள். எடுக்க வந்தால் தன்னையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பின்கதவில் தட்டு. முழங்காலுக்குக் கீழே.

யாரும் எடுக்க வரவில்லை. எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அது அவருக்கு யன்னல் பலகையின் கீறலால் பார்த்தபோதுதான் விளங்கியது. வரம்பில் பதினொரு பேர். தலையெல்லாம் இந்தப் பக்கம். வாசற்படியில் வேட்டைக்காரன், முதுகைக் காட்டி நின்றான். அவனுக்குப் பக்கத்தில் நாலு வயது. மஞ்சள் கவுண். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிக்கொண்டேயிருந்தது. நிமிர்ந்து நேரே கீறலைப் பார்த்தது.

"வாப்பா," என்றது. "உம்மா."

அந்தக் குரல். ஆறு மாதம் வாய் திறக்காமல் கிடந்து, பிறகு திறந்த குரல் அல்ல. அதற்கு முந்திய குரல்.

மடியிலிருந்த பிள்ளை அவருடைய சட்டையைப் பிடித்தது.

"வாப்பா, அது ஆரு?"

அவருடைய விரல்கள் அந்த மணிக்கட்டில் மெல்லத் தளர்ந்தன. அவருக்குத் தெரியாமலே தளர்ந்தன.

முனவ்வறா குசினியிலிருந்து வந்தாள். கை துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் பயமில்லை. கொண்டியில் கை வைத்தாள்.

"எனக்கு அண்டைக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரியும்," என்றாள், அவரைப் பார்க்காமல்.

கொண்டி விழுந்தது. தண்ணீர் முதலில் உள்ளே வந்தது.

அன்றைக்கு மூன்று பேருக்குத்தான் புட்டு அவித்திருந்தது.