சுடுகாட்டு முனையில் போட்ட சிக்னல்

விளக்குக்கும் மரத்துக்கும் நடுவில் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் செம்பனை மரத்தின் மேல் ஓர் ஆளின் நிழல் விழுந்திருந்தது.

செல்லையா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். இடது கண்ணில் புரை விழுந்து ஒரு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தும், தீபாவளி கழியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிற ஆள் அவர். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பதற்குள் டட்சன் கார் முனையில் வளைந்து முடித்து, ஸ்டீயரிங் நேராகி, சிக்னல் குச்சி ‘டொக்’கென்று தானாகவே திரும்பி விழுந்தது. பக்கவாட்டு விளக்கும் அணைந்தது. மரம் இருட்டுக்குள் போய்விட்டது.

“திலகம், முனையில யாராச்சும் நின்னாங்களா?”

மடியில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு தூங்கி வழிந்த மகள் கண்ணைத் திறந்தாள். “யாரும் இல்லப்பா. இந்நேரத்துக்கு சுடுகாட்டுகிட்ட யாரு லா வந்து நிப்பா?”

அதுவும் சரிதான் என்று அவர் வண்டியை ஓட்டினார்.

அந்த விளக்குகளே திலகத்துக்காகப் போட்டவைதான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் காத்திருந்து பிறந்த ஒரே பெண். பேக்டரி பஸ் அவளை மாலை ஏழேகாலுக்கு கோலா சிலாங்கூர் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து எஸ்டேட்டுக்குள் இரண்டு மைல், ஒரு கம்பத்தில்கூட விளக்கு கிடையாது. எஸ்டேட் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியான செல்லையா தன் பழைய டட்சனில் போய் அவளை ஏற்றி வருவார். போன மாதம் நல்ல மழையில், சுடுகாட்டு முனையில் வலது பக்கம் திரும்பும்போது, முன்விளக்கு நேராகச் சுடுகாட்டைக் காட்டிக்கொண்டிருக்க, திரும்புகிற பக்கம் மசமசவென்று இருட்டாக இருக்க, முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. திலகத்தின் நெற்றி டாஷ்போர்டில் மோதி மூன்று தையல். அந்த மழையில் மகளின் நெற்றியைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்லையா குழந்தை மாதிரி அழுதார். இனி இவளுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் தன்னால் தாங்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

பக்கத்து டவுனான ஜெராமில் வயர்மேன் நாகமணிதான் வழி சொன்னான். பம்பரின் இரண்டு மூலையிலும் பக்கவாட்டைப் பார்த்த மாதிரி இரண்டு சின்ன மஞ்சள் விளக்குகளை மாட்டி, வயரை சிக்னலோடு இணைத்தான்.

“பெரிய லைட்டு நேராத்தாண்ணே பாக்கும். திரும்புற பக்கத்தப் பாக்குறதுக்கு இது. சிக்னல் போட்டாத்தான் எரியும், மறந்துடாதீங்க.”

மறக்கத்தான் பார்த்தார். எஸ்டேட்டுக்குள் சிக்னல் போடுகிற வழக்கம் யாருக்கும் இல்லை. எந்த வண்டி எங்கே திரும்பும் என்று நாய்க்குக்கூடத் தெரியும். வெளிச்சம் வேண்டுமே என்று ஞாபகமாகப் போட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை மாட்டிய விளக்கு. நிழலைப் பார்த்தது புதன்கிழமை.

வியாழக்கிழமை மழை இல்லை. உரமூட்டை வாடையும் அழுகிய செம்பனைப் பழத்தின் புளித்த வாடையும் கலந்து ஜன்னல் வழியாக வந்தன. வாய்க்கால் நெடுக தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. முனை வந்ததும் குச்சியை அழுத்தினார். டிக், டிக், டிக். தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. வலது விளக்கு எரிந்தது. நிழல் இன்று அந்த முதல் மரத்தில் இல்லை, முனை தாண்டி இரண்டாவது மரத்தில் இருந்தது. நெட்டையான, ஒல்லியான நிழல். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தது. யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் அப்படித்தான் சாய்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை அது முனையிலேயே இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தைத் தாண்டி, வீட்டுச் சந்துக்குத் திரும்ப சிக்னல் போட்டார். சந்தோரத்துச் செம்பருத்தி வேலியின் மேல் நின்றது.

சனிக்கிழமை வீட்டுச் சுவரில்.

வண்டியை வாசலுக்குத் திருப்பும்போது மஞ்சள் வெளிச்சம் பலகைச் சுவரில் விழுந்தது. திலகத்தின் அறை ஜன்னலுக்குக் கீழே அந்த நிழல், தலையைச் சாய்த்துக்கொண்டு. திலகம் ஒன்றும் பார்க்காமல் கதவைத் திறந்து இறங்கி, டிபன் கேரியரை எப்போதும் போல வீசி வீசி ஆட்டிக்கொண்டு, அதன் பக்கத்திலேயே நடந்து உள்ளே போனாள். அவள் கதவைச் சாத்தும்வரை செல்லையா வண்டியை விட்டு இறங்காமல் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி அமராவதியிடம் சொன்னார். எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒரே பதில்தான்.

“மொதல்ல கண்ண ஆப்ரேசன் பண்ணிக்கிட்டு வாங்க. அப்புறம் நெழலு, பேயி எல்லாத்தையும் பாக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை ஜெராமுக்குப் போய் நாகமணியைத் தேடினார், விளக்கைக் கழற்றச் சொல்ல. கடை பூட்டியிருந்தது. திரும்பி வரும்போது அமராவதியும் வண்டியில் இருந்தாள். பட்டப்பகல். முனையில் கை பழக்கத்தில் குச்சியை அழுத்திவிட்டது. அமராவதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஆள் அரவமே இல்லாத முனையில யாருக்குங்க சிக்னல் போடுறீங்க? அங்க படுத்திருக்கிறவங்களுக்கா?”

செல்லையா சிரிக்கவில்லை.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போய்விடுவதுதான் வழக்கம். அடக்கம் முடிந்து வருகிறவர்கள் சுடுகாட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஐந்து வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த சங்கதி இது. சிக்னல் என்பது என்ன? நான் இந்தப் பக்கம் போகிறேன் என்று சொல்வதுதானே? ரோட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், சுடுகாட்டு வாசலில் நின்று, தினம் தினம் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிப் போகிறேன். இந்தச் சந்தில் திரும்புகிறேன். இதுதான் என் வீடு. பெற்ற மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

இனி சிக்னலே போடாமல் இருந்தால்? சொன்னது சொன்னதுதானே. அதற்கு வீடு தெரிந்துவிட்டது. அன்றிரவு மகளின் அறைக் கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தவளைச் சத்தமே இல்லை.

விடியும்போது ஒரு யோசனை வந்தது. சிக்னலில் உண்மையைச் சொல்லித்தானே அது வந்தது? பொய்யைச் சொன்னால் போய்விடாதா?

திங்கட்கிழமை காலையில் அமராவதியிடம், “திலகத்த இன்னைக்கு அந்த முனை வழியா வர வேணாம்னு சொல்லிடு. ஏன்னு கேக்காத” என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் கேட்கவில்லை. மகள் ஜெராமில் அவள் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். திலகம், “போய்ட்டு வரேம்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலை ஏழு மணிக்கு மேல், வெளிச்சம் முழுக்கச் செத்த பிறகு, தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரை போய்த் திரும்பி முனைக்கு வந்தார். வலது பக்கம் வீடு. இடது பக்கம் பழைய லயத்துப் பாதை. லயத்தை இடித்துப் பத்து வருடமாகிறது. இப்போது செம்பனையும் புல்லும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. யாரும் இல்லாத இடம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

வண்டியை நிறுத்தி, இடது சிக்னலைப் போட்டார்.

டிக், டிக், டிக்.

தவளைகள் அடங்கின. இடது விளக்கு பழைய பாதையின் முதல் மரத்தில் விழுந்தது. மரம் வெறுமையாக இருந்தது. அவர் காத்திருந்தார். மெல்ல, பட்டையின் ஓரத்திலிருந்து, அது வந்தது. தலையைச் சாய்த்தது. கேட்டது. பிறகு அடுத்த மரத்துக்கு நகர்ந்தது. அதற்கடுத்த மரத்துக்கு. வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போய் மறைந்தது.

செல்லையா சிக்னலை எடுத்துவிட்டு, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, நட்சத்திர வெளிச்சத்தில் வலது பக்கம் ஊர்ந்தார். சந்தில் வேலி வெறுமை. வீட்டு வாசலில் ஒரே ஒரு முறை சிக்னல் போட்டுப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே வெறும் சுவர்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஐந்து நாளில் முதல்முறையாகப் பசித்தது.

“சோறு போடு” என்று உட்கார்ந்தார்.

“இருங்க, திலகமும் வந்துடட்டும்.”

“திலகமா? அவ ஜெராம்ல இல்ல?”

“ஜெராமா? நீங்க முனை வழியா வர வேணாம்னுதானே சொன்னீங்க? ஒரு ஸ்டாப்பு முன்னாடி சுங்கை செம்பிலாங்ல எறங்கி பழைய லயத்துப் பாதையா வந்து, அங்கேருந்து ஒத்தையடியா வீட்டுப் பின்பக்கம் வரச் சொன்னேன். அரை மைலு நடை. லயத்த இடிக்கிறதுக்கு முன்னாடி நாம இருந்த எடந்தானே, பயமென்ன? இந்நேரம் வந்திருக்கணுமே.”

செல்லையா எழுந்த வேகத்தில் தட்டு உருண்டது.

பழைய பாதையில் முன்விளக்கு போகிற தூரம் வரைக்கும் யாரும் இல்லை. புல் வண்டியின் அடியில் சரசரவென்று உரசியது. “திலகம்! திலகம்!” என்று ஜன்னலுக்கு வெளியே கத்திக்கொண்டே போனார். லயம் இருந்த இடம் வந்தது. அங்கே பாதை இடது பக்கம் வளைந்து செம்பிலாங் பக்கம் போகும். முன்விளக்கு நேராகப் புல்லைக் காட்டியது. திரும்புகிற பக்கம் இருட்டு.

வேறு வழி இல்லை. சிக்னலைப் போட்டார்.

வளைவில் ஒரே மரம். மரத்தில் இரண்டு நிழல்.

பிரேக்கை மிதித்தார். கிளட்சை மறந்தார். எஞ்சின் குலுங்கி நின்றது.

நெட்டையானது ஒன்று. அதன் பக்கத்தில் சின்னது. முதுகில் ஒற்றைச் சடை. கையில் தொங்கிய டிபன் கேரியர் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. விளக்குக்கும் மரத்துக்கும் நடுவில், பாதையில், வெறும் புல்.

“அம்மாடி.”

இறங்கி ஓடினார். நாலடி போவதற்குள் அவருடைய நிழலே பெரிதாக எழுந்து மரத்தை மூடியது. மகளைக் காணோம். மரத்தைக் கட்டிப் பிடித்தார், தடவினார். ஈரப் பட்டை. வேறொன்றும் இல்லை. அலறிக்கொண்டு விலகினார். வெளிச்சத்திலிருந்து நகர்ந்ததும் அவள் மறுபடி இருந்தாள்.

வண்டிக்கு ஓடி வந்தார். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்தால் விளக்கு ஒரு நொடி செத்துப் பிழைக்கும். அந்த ஒரு நொடி. சாவியில் வைத்த கையை எடுத்துவிட்டார். ஸ்டீயரிங்கைத் தொட்டால் குச்சி விழுந்துவிடும். தொடவில்லை. இரண்டு கையாலும் குச்சியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பழைய பேட்டரி.

டிக். டிக்.

மஞ்சள் வெளிச்சம் சிவக்கத் தொடங்கியது.

டிக்.

“திலகம், அப்பாவப் பாரும்மா.”

சின்ன நிழல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. கேட்டது. நெட்டை நிழலின் கை டிபன் கேரியரை வாங்கிக்கொண்டது.

டிக்.

இரண்டும் திரும்பின. தினமும் காலையில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற பெண், ஒன்றும் சொல்லாமல், அடுத்த மரத்துக்குக் காலை எடுத்து வைத்தாள். அதைத் தாண்டி வெளிச்சம் போகவில்லை.