இல்லாத ஆய்வு

கதவு தட்டப்படவில்லை, இடிபட்டது. அவசரம் ஓடிப்போய்த் திறந்தார். பொறுமையே இல்லாத அந்த உதவியாளருக்கு வக்கீல் வைத்த பெயர் அது. கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி, துப்பறியத் தொடங்கிய பின்னும் வக்கீல் என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டே இருந்தது.

வந்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. வெள்ளம் எந்தத் தெருவில் முதலில் புகும் என்று கணக்கிட ஒரு புது வழி கண்டுபிடித்து, கட்டுரையாக எழுதி, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தாள். அது அங்கே பரிசீலனையில் இருக்கும்போதே, வேறோர் இதழில் அதே கணக்கும் அதே முடிவும் கொண்ட கட்டுரை வெளிவந்துவிட்டது. எழுதியவர் ஒரு பேராசிரியர். அவளுடைய அக்கா புருஷன்.

மாலையில் கல்லூரியில் விசாரணை. திருடியவள் அவள்தான் என்று முடிவானால் பட்டம் கிடையாது.

"அத்தான்கிட்ட கட்டுரையைக் காட்டினியாம்மா?" என்றார் வக்கீல்.

"இல்ல சார். நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு அவர் ஒருநாள்கூடக் கேட்டதில்ல. போன வருஷம் அவங்க வீட்லதான் தங்கியிருந்தேன். அப்போ அவர் கம்ப்யூட்டர்லேர்ந்து நான் எடுத்துட்டேன்னு சொல்றார். அக்காவும் நம்புறா."

அவளுடைய விடுதி அறைத்தோழிதான் கட்டுரையை விற்றிருப்பாள் என்று அவசரம் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார். வக்கீல் காதில் வாங்கவில்லை. இரண்டு கட்டுரைகளையும் கேட்டு வாங்கினார். ஆய்விதழிலிருந்து அவளுக்கு வந்த மதிப்புரையையும் கேட்டார். வரும் கட்டுரையை, எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு அந்தத் துறை அறிஞர் ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது இதழ்களின் வழக்கம். கருத்துச் சொன்னவர் யார் என்பதும் வெளியே வராது. அந்த முகமற்ற அறிஞர், குறிப்பிட்ட ஓர் ஆய்வைக் கட்டாயம் மேற்கோள் காட்டச் சொல்லியிருந்தார். எங்கே தேடியும் அது கிடைக்காததால் விட்டுவிட்டதாக மாணவி சொன்னாள்.

வக்கீல் நூலகங்களுக்கு நாலைந்து போன் போட்டார். பிறகு மூவரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள்.

பேராசிரியர் டிவியை அணைக்காமலேயே உட்காரச் சொன்னார். பாதி மடித்த போர்வையோடு அக்கா வாசற்படியில் நின்றாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் கட்டுரையிலும் மேற்கோள் காட்டியிருக்கும் அந்த ஆய்வைப் படித்தீர்களா என்று வக்கீல் கேட்டதும், வரிவரியாகப் படித்ததாகப் பேராசிரியர் சொன்னார்.

"எப்படிப் படிச்சீங்க? அப்படி ஒரு ஆய்வே கிடையாது. அது வந்ததா நீங்க போட்டிருக்கிற இதழ், நீங்க சொல்ற வருஷத்துல வரவே இல்ல. செயற்கை நுண்ணறிவு இந்த மாதிரி இல்லாததை எல்லாம் கூசாம எழுதித் தரும். இந்தப் பொய் ரெண்டே இடத்துலதான் இருக்கு. ஒண்ணு, இவளுக்கு வந்த மதிப்புரை. இன்னொண்ணு, அதுக்கப்புறம் வந்த உங்க கட்டுரை. அந்த மதிப்புரை உங்களுக்குத்தான் வந்த வேலை; அதை மிஷின்கிட்ட தள்ளினீங்க. சரக்கு நல்லாருக்குன்னு தெரிஞ்சதும், அதையே வேற வார்த்தைல மாத்தித் தரச் சொன்னீங்க."

"அப்போ மிஷின்தானே திருடியிருக்கு?" என்றாள் அக்கா, மெல்ல.

"மிஷினுக்குப் பதவி உயர்வு எதுக்கும்மா?"

போர்வை அவள் கையிலிருந்து நழுவியது. பேராசிரியர் வக்கீலையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. மச்சினியிடம்தான் பேசினார், சமாதானம் சொல்கிற குரலில்.

"பேரை எடுத்துட்டுத்தானேம்மா அனுப்பினாங்க. உன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா வேற யாரோடதையாவது எடுத்திருப்பேனே."