இத்தாலிக்காரன் காணாமல் போனான்

செல்வராஜ் ஒயரைப் பிடுங்கினான். முனையை ஊதினான். மறுபடி சொருகினான்.

"வா லா... வா..." என்று ஹார்ட் டிஸ்க்கிடம் கெஞ்சினான். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, இந்த அரங்கில் வருடக்கணக்காகப் படம் ஓட்டுகிறவன். இப்படிக் கெஞ்ச நேர்ந்ததில்லை.

கணினி மூன்றாவது முறையும் அதையே சொன்னது. உள்ளே எதுவும் இல்லை, எப்போதும் எதுவும் பதியப்பட்டதும் இல்லை.

மாலை 5.50. வெள்ளிக்கிழமை. பக்குரங்கா சமூக அரங்கில் இருக்கைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. வாசலில் பத்மாவதி பன்னீர் தெளித்து எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் சஞ்சீவன் இயக்கிய 'ரென்சோ வந்தான்' ஆறரை மணிக்கு முதல் தடவையாகத் திரைக்கு வர வேண்டும். ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்த ஓர் இத்தாலிக்காரன் இந்த ஊரோடு ஒட்டிக்கொள்ளப் படும் பாடுதான் கதை. வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று சுவரொட்டி சத்தியம் செய்தது.

இயந்திர அறைக்குள் யாரும் சிரிக்கவில்லை.

சஞ்சீவன் படிகளில் தாவி இறங்கினான். டிக்கெட் வரிசையில் நின்ற வைஷாலியின் கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தான். வைஷாலி கோயம்புத்தூர்க்காரி, அந்தக் குடும்பத்துக்கு நன்கு பழக்கமானவள். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பு விசாரணை அதிகாரி. எரிந்த கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று முகர்ந்து கண்டுபிடிப்பதுதான் அவளுடைய அன்றாட வேலை.

"பொலிஸுக்கு அடிக்கிறதோ?" என்றான் சஞ்சீவன்.

"அடிச்சா விசாரணை நடக்கும். படம் நடக்காது. வேற பிரதி இருக்கா?"

"வீட்டுக் கொம்பியூட்டரில இருக்கு. ஆனா இந்த மெஷினுக்கு ஏத்த மாதிரி மாத்தி எடுக்க விடிஞ்சிடும். சிட்னியில இருந்து திரைப்பட விழாவுக்குப் படம் தெரிவு செய்யிறவா வந்து முன்வரிசையில இருக்கிறா. காலமை பிளைற்றில போயிடுவா. இண்டைக்கு விட்டா எல்லாம் முடிஞ்சுது."

"படத்தோட வீட்டுப் பிரதி பத்திரமா இருக்கு. அப்ப எடுத்தவருக்குப் படத்தை அழிக்கணும்னு ஆசை இல்ல. இன்னிக்கு, இந்த ஜனங்க முன்னாடி ஓடக்கூடாது. அவ்வளவுதான்."

வைஷாலி அறையைப் பார்த்தாள். ஒரே கதவு. ஜன்னல் இல்லை. பூட்டில் கீறல் இல்லை. உள்ளே அவளையும் சஞ்சீவனையும் தவிர மூன்று பேர்.

செல்வராஜ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றான். நாற்காலியில் டிசியானோ. படத்தின் நாயகன், பாரி நகரில் பிறந்த அசல் இத்தாலிக்காரன். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. கதவோரம் சஞ்சீவனின் தந்தை தவராசா. தமிழ்ச் சங்கத் தலைவர். மடிப்புக் கலையாத கோட்டு. வியர்த்துக் கிடந்த நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"டிஸ்க் எப்ப இங்க வந்துச்சு?"

"நாலு மணிக்கு," என்றான் செல்வராஜ். "பூசை போட்டோம்."

படம் வெளியாகுமுன் பெட்டிக்குப் பூசை போடுவது நம்மவர் வழக்கம். பிலிம் சுருள் போய் உள்ளங்கையளவு டிஸ்க் வந்த பிறகும் அது மாறவில்லை. பித்தளைத் தட்டில் டிஸ்க்கை வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டியிருந்தார்கள்.

"பூசையில யாரெல்லாம்?"

"நான், இந்த இத்தாலி, தவராசா ஐயா. மூணே பேர்தான். ஐயாதான் பூசை செஞ்சார்."

"டைரக்டர்?"

"எனக்குப் பாங்கில மீற்றிங்," என்றான் சஞ்சீவன். "அஞ்சரைக்குத்தான் வந்தனான்."

"பூசைக்கு அப்புறம்?"

"டிஸ்க்க இந்த மேஜையில வச்சு, அறையப் பூட்டிட்டு ரொட்டி சாப்பிடப் போனேன். திரும்பி வந்து மாட்டுனா இப்படி."

"சாவி?"

"என் பாக்கெட்ல. ஒரே சாவி."

சொன்ன பிறகுதான் அதன் பொருள் செல்வராஜுக்கே உறைத்தது. முகம் கறுத்தது. யாரும் கேட்காமலே பைகளைத் தலைகீழாக்கி மேஜையில் கொட்டினான். சாவி, கசங்கிய கைக்குட்டை, இருமல் மிட்டாய். சஞ்சீவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் எடுக்கல லா. என் காரையும் பாத்துக்குங்க."

"எடுத்து வைங்க, செல்வராஜ். கேட்க வேண்டியதத்தான் கேட்கறேன்." வைஷாலி நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "டிசியானோ, உங்களுக்கும் டைரக்டருக்கும் போன வாரம் சண்டையாமே?"

ஒரு வருடம் யாழ்ப்பாணத்துக்காரர்களோடு படப்பிடிப்பில் கிடந்ததில் அவனுக்குத் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஓம், அக்கா. சண்டை. ஆனா நான் களவெடுக்கேல்லை."

"எதுக்குச் சண்டை?"

மீதியை ஆங்கிலத்தில் கொட்டினான். படத்தில் ரென்சோ தினமும் காலையில் கோட்டும் டையுமாக வீட்டை விட்டுக் கிளம்புகிறான். பென்ரோஸ் ரயில் நிலையக் கழிவறையில் அதைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலை உடுப்பை மாட்டிக்கொள்கிறான். மாலையில் மறுபடி டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். மனைவிக்கு அவன் ஆபீசர். ஒருநாள் கழிவறைக் கதவு தவறுதலாகத் திறந்துகொள்கிறது. அரை உடுப்பில், கழுத்தில் டையோடு, ரயில் கூட்டத்துக்கு முன்னால் ரென்சோ.

"என் அம்மா இதைப் பார்ப்பாள். எங்கள் ஊரே பார்க்கும். இத்தாலிக்காரன் என்றால் கோமாளியா? வெட்கமாக இருக்கிறது, வெட்டிவிடு என்றேன். அவன் எதை வேண்டுமானாலும் வெட்டுவான், இதை மட்டும் வெட்ட மாட்டானாம்."

"அப்ப உங்களுக்குக் காரணம் இருக்கு."

"காரணம் இருக்கு. சாவி இல்லை."

மாலை 6.05. கீழே குழந்தைகள் கைதட்டி அவசரப்படுத்தத் தொடங்கினார்கள்.

வைஷாலி ஒயரைக் கழற்றி டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். முனைகளை மட்டும் பிடித்து விளக்கடியில் திருப்பினாள். மேல்பக்கம் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். சந்தனத்தில் ரோஜா இதழின் கிழிசல் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. இடது ஓரத்தில் சந்தனம் வழிந்து, மூலையில் கொக்கிபோல் வளைந்து நின்றது.

"பூசையில யாராச்சும் போட்டோ எடுத்தீங்களா?"

"நான் எடுத்தேன். பேஸ்புக்ல போட," என்று செல்வராஜ் கைபேசியை நீட்டினான். "டைமர் வச்சு மூணு பேரும் நிக்கிற மாதிரி ஒண்ணு. டிஸ்க்க மட்டும் கிட்டக்க ஒண்ணு."

அவள் முதலில் டிஸ்க் படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு மற்றதை. அதைப் பார்க்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"செல்வராஜ், உங்க பூட்டு நல்ல பூட்டு. யாரும் உள்ள வரல. எதுவும் வெளிய போகல."

"அப்ப டிஸ்க்?"

"இதோ இருக்கே. பூசை போட்ட அதே டிஸ்க். அதே இதழ், அதே வழிசல், அதே கொக்கி. வேற டிஸ்க்குல பொட்டு வைக்கலாம். சந்தனத்த அச்சு அசலா வழிய விட முடியுமா? பூட்டின அறைக்குள்ள மாத்தினாங்கன்னு எல்லாரும் நினைச்சோம். பூசைத் தட்டுக்கு வந்ததே எதுவும் பதியாத வெறும் டிஸ்க்."

சஞ்சீவனுக்கு ஒரு வினாடி தாமதமாகப் புரிந்தது.

"வைஷாலி, கதையை நிப்பாட்டுங்கோ. வீட்டில இருந்து கொண்டுவந்தது என்ர அப்பா."

"தெரியும்."

"வழியில ஆரும் மாத்தியிருக்கலாம். காரில வைச்சிட்டுக் கடைக்குப் போயிருப்பார்..."

"அப்படின்னா அங்கிளுக்கே அது தெரிஞ்சிருக்காது. ஆனா தெரிஞ்சிருக்கு." அவள் இரண்டாவது படத்தைக் காட்டினாள். "எல்லாரும் எப்படி நிக்கிறாங்க பாருங்க. செல்வராஜ் நெத்தியில திருநீறு. கோயிலுக்கே போகாத டிசியானோ நெத்தியில திருநீறு. பூசிவிட்டவர் நெத்தி மட்டும் காலி. வியர்வையில இப்ப அழிஞ்சதுன்னு நானும் நினைச்சேன். நாலு மணிக்கே இல்ல."

தவராசாவின் கைக்குட்டை நின்றது.

"திருநீறு இல்லாம நான் உங்கள ஒருநாளும் பார்த்ததில்ல, அங்கிள். வெறும் டப்பாவுக்குக் கற்பூரம் காட்டிட்டு, அதே கையால உங்க நெத்தியில பூசிக்க முடியல. இல்லையா?"

பெரியவர் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துப் பேசினார்.

"காலமை பூசினதையும் கழுவிப்போட்டுத்தான் வந்தனான், பிள்ளை. அதோட நிண்டு பொய்ப் பூசை செய்ய ஏலாமல் போச்சு."

கோட்டின் உள்பையில் கைவிட்டார். அசல் டிஸ்க்கை எடுத்துச் செல்வராஜிடம் நீட்டினார்.

"தம்பி, என்னாலதான் நீர் கள்ளன் மாதிரிப் பொக்கற்றைக் கொட்டினனீர். மன்னிச்சுக்கொள்ளும்."

செல்வராஜ் வாங்கிச் சொருகினான். கணினி உறுமியது. பெட்டிக்குள் படம் இருந்தது.

"ஏன் அப்பா?" என்றான் சஞ்சீவன். "நாலு வருஷம் இதுக்காக உழைச்சனான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில போட்டுக் காட்டேக்க நீங்களும் சிரிச்சனீங்கள்."

"உன்ர அம்மா சிரிச்சவள். நான் சிரிக்காட்டி ஏனெண்டு கேட்டிருப்பாள்." தவராசா நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. "நீ கெட்டிக்காரன், சஞ்சீவன். வெள்ளைக்காரனுக்கு வேசம் போட்டு விட்டால் ஒருத்தருக்கும் விளங்காது எண்டு நினைச்சனி. ஏரம்பமூர்த்திக்கு விளங்குமடா. மூண்டாம் வரிசையில இருக்கிறார். அவர்தான் அண்டைக்கு என்னைக் கண்டவர். சனம் சிரிக்கேக்க அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். பிறகு எல்லாரும் பார்ப்பினம். அந்தப் பார்வைக்கு முன்னால என்னால இருக்க ஏலாது."

"என்ன கண்டவர்?"

"நடிக்காதை. கோழி ஃபக்டரிக்குள்ள போகேக்க."

சஞ்சீவன் அசையவில்லை.

"மச்சம் மாமிசம் தொடாத வீடு," என்றார் தவராசா. "யாழ்ப்பாணத்தில பாங்க் மனேஜரா இருந்தவன் இஞ்ச வந்து செத்த கோழிக்குத் தோல் உரிச்சனான். ரெண்டு வருஷம். கோட்டும் டையும் போட்டு வெளிக்கிட்டு, பென்ரோஸ் ஸ்டேசனில மாத்திக்கொண்டு போவன். பின்னேரம் ஃபக்டரியிலயே குளிச்சு, பவுடர் பூசிக்கொண்டு வருவன். பத்மாவதிக்கு இண்டைவரைக்கும் தெரியாது. உனக்கு ஆர் சொன்னது? ஏரம்பமூர்த்தியோ?"

வைஷாலி இப்போது தந்தையைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. அவள் போட்ட கணக்கில் எங்கோ ஒரு இழை விட்டுப் போயிருந்தது.

"சஞ்சீவன், உங்களுக்கு இது தெரியாதா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்று.

"பொய்," என்றார் தவராசா. "ஒண்டு விடாமல் எடுத்திருக்கிறாய். அந்தக் கதவு, அந்தக் கண்ணாடி, திரும்பி வரேக்க மணத்திப் பார்க்கிறது. டையைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள ஒளிக்கிறதை மட்டும்தான் நீயாக் கூட்டினனி. நான் சப்பாத்துக்குள்ள வைக்கிறனான்."

"அதைக் கூட்டேல்லை, அப்பா."

மாலை 6.20. கீழே யாரோ விளக்கை மங்கலாக்கினார்கள். கூட்டம் உற்சாகமாகக் கூவியது. செல்வராஜ் பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருந்தான்.

"ஓட்டும் தம்பி. நான் வீட்டை போறன்," என்று தவராசா கதவுப் பிடியைத் திருகினார்.

சஞ்சீவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வந்த மூண்டாம் நாளே ஒபிஸ் வேலை எடுத்தனான் எண்டு எல்லா மேடையிலயும் சொன்னனீங்கள். அப்பிடிப்பட்ட மனுசனுக்கு முன்னால வந்து நான் என்னெண்டு சொல்லுறது?"

"என்னத்தைச் சொல்லுறது?"

"போன வருஷம் பாங்கில என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள், அப்பா. பென்ரோஸ் வெயர்ஹவுஸில பெட்டி தூக்கிறன். இண்டைக்குக் காலமையும் அந்த ஸ்டேசனிலதான் உடுப்பு மாத்தினனான்."