பொத்தான் கத்தி

ஷெரிப் அலுவலகத்தில் போன் அலறியது.

டெபுட்டி யோலாண்டா அபோடாகா, பாதி தின்ற புரிட்டோவைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு எடுத்தாள்.

பெண் குரல். பெயர் சொல்லவில்லை. அரிசோனா பக்கமிருந்து ஒரு நீலநிற பிக்கப் வண்டி நியூ மெக்சிகோவுக்குள் வந்துகொண்டிருக்கிறது... ஓட்டுகிறவனிடம் பொத்தானை அழுத்தினால் சீறிப் பாய்கிற கத்தி இருக்கிறது...

லைன் செத்தது.

மாநில எல்லையைத் தாண்டிய சற்று நேரத்தில் யோலாண்டா அந்த வண்டியை மடக்கினாள். கிளெய்ட்டன் ரஸ்க். மாட்டுப் பண்ணைக்காரன். ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள்.

இவன் தானாகவே சட்டைப்பையைக் காட்டினான்.

"இருக்கு ஆபீசரம்மா. என்னோடதுதான். ரொம்ப வருஷமா வச்சிருக்கேன். வேற யாரும் தொட்டதுகூட இல்ல."

அவள் சீருடையில் இருந்த கேமரா எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

"இங்க இதை வச்சிருக்கிறதே குத்தம். தெரியுமா?"

"அரிசோனாவுல யாரும் கேக்க மாட்டாங்களே."

"அரிசோனா உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு."

சின்னக் குற்றம்தான். கத்தியைப் பறித்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அவன் விடவில்லை. கைது செய்யத் தைரியமில்லையா என்று சீண்டினான். அவள் தாயை இழுத்துப் பேசினான்.

விலங்கு மாட்டினாள்.

மாட்டும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். கைதாகிற எவனும் அப்படி நிம்மதியாக மூச்சு விட்டு அவள் பார்த்ததில்லை!

மதியம் அரிசோனா போலீஸிடமிருந்து தகவல் வந்தது. கிளெய்ட்டனின் மனைவி மார்லீன், பண்ணை வீட்டின் சமையலறையில்... ரத்த வெள்ளத்தில்... கழுத்தில் கத்திக்குத்து.

யோலாண்டா லாக்கப்புக்குப் போய் மெதுவாகச் சொன்னாள். கிளெய்ட்டன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுகைக்கு நடுவே ஒரு வாக்கியம் தெளிவாக வந்து விழுந்தது.

"நான் காலையிலேருந்து உங்க லாக்கப்புலதானே இருக்கேன்..."

மார்லீன் எப்போது செத்தாள் என்று யோலாண்டா இன்னும் சொல்லவே இல்லை.

யோலாண்டா பதிவேட்டில் கைது நேரத்தைப் பார்த்தாள். கொலை நேரத்தில் இவன் வேறிடத்தில் இருந்தான் என்பதற்குத் தானே சாட்சி ஆகிவிட்டோமா? பறிமுதல் செய்த கத்தியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. கத்தியின் ஸ்பிரிங் இடுக்கில் ரத்தம். மார்லீனின் ரத்த வகை. மருத்துவர் கணக்கும் வந்தது. அவள் செத்தது விடிவதற்கு முன்பு. கிளெய்ட்டன் எல்லையைத் தாண்டுவதற்கு வெகுநேரம் முன்பு!

மறுபடி அவன் எதிரே போய் உட்கார்ந்தாள். பேசுவதெல்லாம் பதிவாகும், வக்கீல் இல்லாமல் பேச வேண்டியதில்லை என்று முறைப்படி சொன்னாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

அவன் உதடு வெளுத்தது.

"விடியறதுக்கு முன்னாடியா? இல்ல... மத்தியானம்னுதானே..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

காலையில் வந்த போன் பதிவை யோலாண்டா ஓட விட்டாள். அந்தப் பெண் குரல் அறையை நிறைத்தது.

"யார் இவ?"

"டாரா..." எச்சில் விழுங்கினான். "மார்லீனோட தங்கச்சி."

உடைந்தான். ராத்திரி மோட்டலில் தங்கியிருந்தானாம். காலையில் டாரா வந்து கத்தியைக் கொடுத்தாளாம். இதோடு மாட்டிக்கொள், ரொம்ப வருஷமாக உன்னுடையது என்றே சொல், நான் போன் செய்கிறேன். நீ லாக்கப்பில் இருக்கும்போது மதியம் காரியத்தை முடிக்கிறேன் என்றாளாம். அப்புறம் இருவரும் சேர்ந்து வாழலாம் என்றாளாம்.

மோட்டலுக்கு வருவதற்கு முன்பே அவள் காரியத்தை முடித்திருந்தாள். அந்தக் கத்தியாலேயே!

"பண்ணை யார் பேருல இருக்கு?" என்று கேட்டாள் யோலாண்டா.

"மார்லீன் பேருல. அவங்க அப்பா கொடுத்தது."

"பொண்டாட்டியைக் கொன்னவனுக்கு அது வராது. உங்களுக்கு வரலைன்னா யாருக்குப் போகும்?"



"டாராவுக்கு," என்றான்.

யோலாண்டா எழுந்தாள். வெளியே பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உடனே தகவல் சொல்லியிருந்ததால், டாராவின் வீட்டு வாசலில் அரிசோனா போலீஸ் வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது.

"ஆபீசரம்மா... அந்தக் கத்தி கேஸ்... அது சின்னக் கேஸ்தானே?"

"ரொம்பச் சின்னது," என்றாள் கதவைச் சாத்தியபடி. "அதுக்கு மட்டும் இப்பவே ஜாமீன் கெடைக்கும்."